ஒரு கட்டளையும் ஓராயிரம் கோப்பும்

தோட்டப்புற வாழ்வை அறிந்தோர் காலைப் பெரட்டை மறந்திருக்க மாட்டார்கள். விடியுமுன் தொழிலாளர் வரிசையாக நிற்பர். அவரவர் நிரைக்குச் சென்று பால் வெட்டுமாறு ஒரு முறை ஆணை பிறக்கும். நூறு பேருக்கு நூறு முறை அதனைச் சொல்வதில்லை. ஆணை ஒன்று, அதன்வழி நடைபெறும் வேலை நூறு. கணினியிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு கோப்புறையில் உள்ள ஆயிரம் நிழற்படங்களுக்கோ ஒலிப்பதிவுகளுக்கோ வேண்டிய கட்டளையை ஒரு முறை எழுதிவிட்டால், அவ்வளவு கோப்புகளையும் கணினியே வரிசையாக எடுத்துச் செப்பம் செய்துவிடும். இதனைப் பொறியாளர்க்கே உரிய கலை என்று தமிழாசிரியர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அவர்கள் இதனைக் கற்றல் இயலுமா, கற்றால் தமிழுக்கு ஆவது யாது என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

அலமாரியில் உறங்கும் செல்வம்

கூலிம் வட்டாரத்தில் பாடாங் செராய், லூனாஸ், காராங்கான் முதலிய ஊர்களைச் சூழ ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. பின்னர் எண்ணெய்ப்பனை வந்தது; 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பெற்றது. தோட்டங்கள் சுருங்க, குடும்பங்கள் நகர்ப்புறங்களை நாடின. நாடெங்கும் தோட்டப் பள்ளிகள் பல மூடப்பட்டன. சில வேறிடம் பெயர்ந்தன. எஞ்சியவை அலமாரியில் கிடக்கும் விழா மலர்களும், மங்கிவரும் நிழற்படங்களும், தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் பதிந்த ஒலிநாடாக்களுமே ஆகும். ஈரக்காற்று மிகுந்த இந்நாட்டில் தாளும் நாடாவும் நெடுங்காலம் தாங்குவன அல்ல.

இவ்வட்டாரத்துப் பள்ளியொன்று தன் பழம்பொருள்களைக் காக்க முற்படுகிறது என்று கொள்வோம். ஆசிரியர்கள் கைப்பேசியால் 1200 படங்கள் எடுத்துவிட்டனர். அவற்றுட் சில பக்கவாட்டில் சாய்ந்துள்ளன. எல்லாம் அளவிற் பெரியன. பெயர்களோ கைப்பேசி இட்ட வெற்றெண்கள். ஒவ்வொன்றையும் திறந்து, நிமிர்த்தி, சுருக்கி, பெயரிட்டுச் சேமிக்க 2 நிமிடம் ஆகும் என்றால், மொத்தம் 2400 நிமிடம். அதாவது 40 மணி நேரம். பள்ளி வேலை முடிந்தபின் நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 40 நாள்கள் கழியும். முதல் நாள் இருக்கும் ஊக்கம் பத்தாம் நாள் இராது. கை சோரும், கண் தவறும். ஏடு பெயர்த்தெழுதியோர் கைச்சோர்வால் நேர்ந்த பாட வேறுபாடுகளைக் கண்டு பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைத் தமிழாசிரியர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

சொல்லால் ஏவும் முறை

இன்று கணினி என்றதும் படக்குறியும் சுட்டியுமே நினைவுக்கு வருகின்றன. அவை வருமுன் விசைப்பலகையில் தட்டும் சொற்களாலேயே கணினியை ஏவினர். அம்முறை மறையவில்லை, எல்லாக் கணினிகளிலும் 'கட்டளை வரி' என்னும் பெயரில் அது இன்றும் உள்ளது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைத் தொடங்கினர். ஒரு கருவி ஒரு வேலையையே செய்யட்டும், அதனைச் செவ்வனே செய்யட்டும் என்பது அதன் வழியில் வளர்ந்த கோட்பாடு. 1973-இல் டக் மெக்கில்ராய் என்பாரின் தூண்டுதலால் 'குழாய்' என்னும் ஏற்பாடு அதிற் சேர்ந்தது. ஒரு கருவி தந்த பயனை அடுத்த கருவி அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் பொருள். ரப்பர் ஆலையில் வடிகட்டிய பால் உறைகலத்துக்குச் செல்கிறது. உறைந்த கட்டி உருளைக்குச் செல்கிறது. உருளையில் வந்த தாள் புகையறைக்குச் செல்கிறது. புகையறைக்கு உருளையின் நுட்பம் தெரியவேண்டுவதில்லை. தாள் வந்தால் போதும். யூனிக்ஸ் குழாயும் அத்தகையதே.

இவ்வாறு ஏவும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து, வேண்டும்போதெல்லாம் இயக்கலாம். அதுவே கட்டளை நிரல். 1979-இல் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் 'ஷெல்', 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் இயற்றிய 'பாஷ்' ஆகியன இத்தகைய நிரல்களைப் படித்து நிறைவேற்றுவன. விண்டோஸ் கணினிகளில் 2006 முதல் 'பவர்ஷெல்' அப்பணியைச் செய்கிறது. படங்களைச் செப்பம் செய்ய 1990-இல் ஜான் கிறிஸ்டி வெளியிட்ட 'இமேஜ்மேஜிக்' உண்டு. ஒலிக்கும் நிகழ்படத்துக்கும் 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய 'எஃப்எஃப்எம்பெக்' உண்டு. இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை.

நூற்பாவும் நிரலும்

மேற்கூறிய 1200 படங்களுக்கு எழுதும் நிரல் ஐந்தாறு வரிகளுக்கு மேற்போகாது. அதன் கருத்தைத் தமிழிற் கூறின் இவ்வாறு அமையும்: "இக்கோப்புறையில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் பின்வருவனவற்றைச் செய்க. நிமிர்த்துக. நீளமும் அகலமும் 2000 புள்ளிக்கு மிகாதவாறு சுருக்குக. 'மலர்' என்னும் சொல்லோடு வரிசையெண் சேர்த்துப் பெயரிடுக. 'படிகள்' என்னும் வேறு கோப்புறையில் வைக்க. முடிந்தது."

இலக்கணம் கற்பிப்போர்க்கு இம்முறை புதியதன்று. பவணந்தி முனிவர் இன்ன சொல்லும் இன்ன சொல்லும் சேர்ந்தால் இவ்வாறாம் என்று ஆயிரம் இணைகளுக்கு ஆயிரம் விதி கூறவில்லை. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் இன்னவாயின் இன்னது நிகழும் என்று ஒரு விதி வகுத்தார். 'நிலைமொழி' என்பது தனியொரு சொல்லின் பெயரன்று. எந்தச் சொல்லும் வந்து நிற்கக்கூடிய ஓர் இடத்தின் பெயர். நிரலில் 'ஒவ்வொரு படம்' என்பதும் அத்தகைய ஓர் இடமே. முதற்சுற்றில் அவ்விடத்தில் முதற்படம் நிற்கும். அடுத்த சுற்றில் இரண்டாவது நிற்கும். 1200 முடியும்வரை சுற்று ஓயாது.

விதி உண்டெனில் புறனடையும் உண்டு. கைப்பேசி படமெடுக்கும்போது தான் எவ்வாறு பிடிக்கப்பட்டது என்பதைப் படத்துள்ளேயே குறித்து வைக்கிறது. 'நிமிர்த்துக' என்னும் கட்டளை அக்குறிப்பைப் பார்த்தே இயங்கும். மேசைமேற் கிடத்திய பழம்படத்தை நேர்மேலிருந்து எடுத்தால் கைப்பேசி திசை மயங்கித் தவறான குறிப்பை எழுதிவிடுவதுண்டு. அவற்றை மனிதக் கண்ணே பிரித்தெடுத்தல் வேண்டும். விதிக்குள் அடங்குவதை நிரலுக்கும், அடங்காததை ஆசிரியர்க்கும் பங்கிடுவதே இக்கலையின் உயிர்நிலை.

ஒலிநாடாவுக்கும் இஃது ஒக்கும். 60 நிமிட நாடாவை இசைத்தட்டின் தரத்தில் இரு தடமாகப் பதிந்தால் கோப்பு ஏறத்தாழ 635 மெகாபைட் ஆகும். அதனையே நொடிக்கு 128 கிலோபிட் அளவில் எம்.பி.3 ஆக்கினால் 58 மெகாபைட்டுக்குள் அடங்கும். வகுப்பில் கேட்பிக்க இது போதும். ஆயின், செவிக்கு எளிதிற் புலனாகாதவற்றை விலக்கியே எம்.பி.3 சிறுக்கிறது, விலக்கியது மீளாது. ஆதலின் மூலக்கோப்பைக் காத்து, புழங்குவதற்கு மட்டும் சிறுபடி எடுத்தல் முறை. ஐம்பது நாடாக்களுக்கும் சிறுபடி எடுக்க ஒரே நிரல் போதும். இரவில் இயக்கிவிட்டு உறங்கச் செல்லலாம்.

தமிழுலகம் கண்ட சான்று

இவ்வழி தமிழுக்குப் பெரும்பயன் விளைத்தமைக்குச் சான்று உண்டு. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாட்டுத் தமிழர் தமிழ் நூல்களைத் தட்டெழுதி மின்னூல் ஆக்கினர். போற்றத்தக்க அத்தொண்டு பெரும்பாலும் கைவேலையாகவே நடந்தது. பின்னர், தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுள் 2000-க்கும் மேற்பட்டவற்றின் பக்கப்படங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் விக்கிமூலத்துக்கு வழங்கியது. நூலொன்றுக்கு 150 பக்கம் என்று குறைத்தே மதிப்பிட்டாலும் 3,00,000 பக்கங்கள் ஆகின்றன. பக்கப்படத்தைப் பிரித்து, எழுத்துணரிக்கு அனுப்பி, வந்த எழுத்தை உரிய பக்கத்தில் ஒட்டப் பக்கத்துக்கு 2 நிமிடம் என்றால் 10,000 மணி நேரம் தேவை. நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தாலும் ஒருவர்க்கு 1250 நாள்கள் வேண்டும்.

இந்நிலையில் கணியம் குழுவைச் சேர்ந்த த. சீனிவாசன் 2015-இல் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதி, எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டார். அந்நிரல் நூற்கோப்பைத் தரவிறக்கித் தனித்தனிப் பக்கங்களாகப் பிரிக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் கூகுள் நிறுவனத்தின் எழுத்துணரிக்கு அனுப்பி எழுத்தாகப் பெறும். அதன்பின் மற்றொரு நிரல் அவ்வெழுத்தை விக்கிமூலத்தில் உரிய பக்கத்திற் கொண்டு சேர்க்கும். பெரட்டில் பிறந்த ஓர் ஆணை நிரைதோறும் வேலையாக விரிவதை இங்கும் காண்கிறோம்.

நூலகங்கள் அழியும் என்பதற்கும் தமிழினம் சான்று கண்டுள்ளது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஈழத்து நூல்களை மின்வடிவிற் காக்கும் நூலகத் திட்டம் 2005-இல் தோன்றியதன் அருமை இதனாற் புலப்படும்.

மூன்று எச்சரிக்கைகள்

ஏடெழுதுவோன் பிழை ஓர் ஏட்டோடு நிற்கும். நிரல் எழுதுவோன் பிழையோ எல்லாக் கோப்புகளிலும் பரவும். ஆதலின் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுதல் நன்று.

முதலாவது, பெயரின் இடைவெளி. 'விளையாட்டு விழா' என்று இடைவெளி விட்டுப் பெயரிட்ட கோப்பினைப் பாஷ் 'விளையாட்டு' என ஒன்றும் 'விழா' என ஒன்றுமாக இரு கோப்புகள் என்று மயங்கும். 'தாமரை' என்பதை ஒரு பூவாகவும், தாவும் மரை எனப் பிரித்தும் பொருள்கொள்ள இடமுண்டு என்று நன்னூலார் பொதுமொழி வகுத்ததை நினைக. மாணவர் இடம் நோக்கிப் பொருள் உணர்வர், கணினி உணராது. பெயரை மேற்கோட்குறிக்குள் இட்டால் ஒரே பெயர் என்று அது கொள்ளும்.

இரண்டாவது, எண்வரிசை. 1, 2, 10 என்று பெயரிட்டால் நிரல் அவற்றை அகராதி முறையில் 1, 10, 2 என்று அடுக்கும். நூலின் பத்தாம் பக்கம் இரண்டாம் பக்கத்துக்கு முன் வந்துவிடும். 0001, 0002, 0010 என்று இலக்கங்களைச் சமமாக்கிவிட்டால் இக்குழப்பம் நேராது.

மூன்றாவதே தலையாயது. இமேஜ்மேஜிக்கில் 'மோக்ரிஃபை' என்னும் ஒரு கட்டளை உண்டு. வேறிடம் குறிக்காவிடில் அது மூலப்படத்தின் மேலேயே புதிய படத்தை எழுதிவிடும். சுருக்கும் அளவைத் தவறுதலாக 2000-க்குப் பதில் 200 என்று எழுதியவர் நொடிப்பொழுதில் 1200 படங்களையும் இழப்பர். கணினி எச்சரிக்காது, வருந்தவும் செய்யாது. மூலத்தை வேறோர் வட்டில் படியெடுத்து வைத்து, முதலில் மூன்று படங்களில் மட்டும் இயக்கிப் பார்த்து, பின்னரே முழுக் கோப்புறையையும் அதனிடம் ஒப்படைத்தல் வேண்டும். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரல் எழுதித் தருகின்றன. அவை தந்ததையும் வரிவரியாகப் படித்துப் பொருள் தெரிந்த பின்னரே இயக்குதல் அறிவுடைமை.

மனிதர்க்கு எஞ்சும் பணி

நிரல் வேலையை முடித்த பின் ஆசிரியர்க்கு என்ன பணி எஞ்சும் என்று கேட்கலாம். உண்மையான பணி அப்போதுதான் தொடங்குகிறது. எழுத்துணரி காலையும் ரகரத்தையும் மயங்கலாம். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் வரும் பழைய ஐகார வடிவங்களில் தடுமாறலாம். அதனால் விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் மெய்ப்புப் பார்க்க, மற்றொருவர் சரிபார்க்கும் முறை வகுத்துள்ளனர். எழுத்தை எடுத்துத் தர இயந்திரத்தால் இயலும். எது பிழை என்று துணிய, தமிழ் அறிந்தவர் வேண்டும்.

தோட்டப் பள்ளியின் நிழற்படத்திலும் அவ்வாறே. இரண்டாம் வரிசையில் கைகட்டி நிற்கும் சிறுவன் யார், ஓரத்தில் நிற்கும் ஆசிரியர் எவ்வூரினர், பின்னணியில் தெரியும் கொட்டகை எத்தோட்டத்தது என்பவற்றை எந்த நிரலும் கூறாது. அவற்றைக் கூறவல்லோர் எண்பதைக் கடந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் ஆவர். அவர்கள் நெடுங்காலம் காத்திரார். படங்களைத் திருப்பிச் சுருக்குவதிலேயே ஆசிரியர் 40 மாலைகளைக் கழித்தால், அவர்கள் வீட்டு வாயிலில் அமர்ந்து கேட்பதற்கு மாலை ஏது? ஐந்து வரி நிரலை முயன்று எழுதக் கற்பவர்க்கு அந்நாற்பது மாலைகளுள் பெரும்பகுதி மிஞ்சும்.

கூலிமில் உலகச் சந்தைக்கு நுண்கருவிகள் செய்யும் தொழிற்சாலைகளுக்கு அண்மையிலேயே பழந்தோட்டங்களின் நினைவும் மங்கிக்கொண்டிருக்கிறது. அங்குப் பிறக்கும் கருவியறிவு இந்நினைவைக் காக்கவும் பயன்படுதல் வேண்டும். விதியும் புறனடையும் அறிந்த தமிழாசிரியர்க்கு நிரல் எழுதுதல் எட்டாக்கனி அன்று. பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் வரும் விடுமுறையில் பத்துப் படங்களோடு இதனைத் தொடங்குவாராயின், பெயர் சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே படங்களுக்குப் பெயர் எழுதிவிடலாம்.