விரலுக்குத் தெரியும் ஆட்டம்

சிறுவயதில் அனந்தபுரத்துப் பட்டறை ஒன்றில் பழைய டிராக்டரின் மேல் என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். கொடுத்த வேலை சின்னது. ஸ்டியரிங்கை இடமும் வலமும் இரண்டு விரற்கடை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மெக்கானிக் அண்ணன் முன் அச்சுக்கு அடியில் படுத்திருந்தார். "ஆட்டிக்கினே இரு தம்பி, நிறுத்தாத" என்று குரல் மட்டும் வந்தது. ஒவ்வொரு மூட்டிலும் பாதி இந்தப் பாகத்தின் மேலும் பாதி அந்தப் பாகத்தின் மேலும் படும்படி விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னிடம் வந்ததும் நின்றார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார்.

பல ஆண்டுகள் கழித்து, ஸ்டெர்ன் டிரைவ் என்ற படகு அமைப்பின் தேய்மானத்தைப் பற்றிப் படித்தபோது அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்டெர்ன் டிரைவ் படகில் காருக்குரியது போன்ற எஞ்சின் உள்ளே, பின்பலகையை ஒட்டி இருக்கும். பலகைக்கு வெளியே ஒரு கால் போலத் தொங்கும் பாகத்தின் நுனியில் விசிறி சுழலும். எஞ்சினின் சுழற்சி பின்பலகையைத் துளைத்துக்கொண்டு அந்தக் காலுக்குப் போகிறது. இதற்குத் தனியாகச் சுக்கான் கிடையாது. கால் முழுவதுமே இடம் வலமாகத் திரும்பும். விசிறி தள்ளும் திசை மாறுவதால் படகு திரும்பும். கரைக்கு வரும்போது காலை மேலே தூக்கவும் முடியும். அமெரிக்கரான ஜிம் வின்னின் யோசனையை எடுத்து வளர்த்து, வால்வோ பென்டா நிறுவனம் 1959ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் இதை அறிமுகம் செய்தது. இரண்டே ஆண்டில் மெர்க்குருயிசர் வந்தது.

திரும்பவும் வேண்டும், தூக்கவும் வேண்டும் என்றால் இரண்டு அச்சுகள் தேவை. அதற்காகவே காலுக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு உலோக வளையம் இருக்கிறது. கிம்பல் வளையம் என்பார்கள். மேலே ஒரு தண்டும் கீழே ஒரு பின்னும் அதைப் பிடித்திருக்கின்றன. மேல்தண்டுதான் படகின் உள்ளிருந்து வரும் திருப்புவிசையை வளையத்துக்குக் கொடுக்கிறது. பழைய படகுகளில் நோய் பெரும்பாலும் தொடங்குவது இந்த இடத்தில்.

ஒரு சின்னக் கணக்கு. படகுக்குள் மேல்தண்டைத் திருப்பும் கரம் 15 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டியரிங் கேபிள் அதில் சேரும் பின் தேய்ந்து 3 மில்லிமீட்டர் ஆட்டம் விழுந்தால், கால் ஒரு பாகைக்குச் சற்று மேலே வீணாக அசையும். அதே அசைவு மேல்தண்டில் ஏற்பட எவ்வளவு தேய வேண்டும்? தண்டின் ஆரம் 15 மில்லிமீட்டர் என்றால், அதன் விளிம்பில் 0.3 மில்லிமீட்டர் போதும். தடித்த காகிதத்தின் கனம்தான். அச்சுக்கு அருகே இருக்கும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. அச்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் நுனியில் அது 12 மில்லிமீட்டராக வெளியே வரும். பார்வையில் படும் கேபிள் பின்னை மட்டும் மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லையே என்று பலர் தவிப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஆட்டத்தின் ஆபத்து நேர்ப்பாதையில் தெரியாது. வேகமாகப் போகும்போது விசிறியின் சுழற்சி காலை ஒரு பக்கமாகவே இழுத்துப் பிடித்திருக்கும். அதனால் இடைவெளி ஒரு பக்கம் ஒதுங்கி, எல்லாம் இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். சட்டென்று வேகத்தைக் குறைத்தால் அந்த இழுப்பு விடுபட்டு, கால் மறுபக்கம் தாவும். ஜெட்டியை நெருங்கும் நேரம் அது. ஆனால் மிக மெதுவாகப் போகும்போது படகு சற்று அலைபாய்வது மட்டுமே நோயின் அறிகுறி ஆகாது. புத்தம் புதிய ஸ்டெர்ன் டிரைவும் அப்படி அலையும்.

தேய்மானத்துக்கு உப்புநீரும் உடந்தை. மேல்தண்டு துருப்பிடிக்காத எஃகு, வளையம் அலுமினியக் கலவை. இரண்டும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி செல் போல ஆகிவிடும், கரைவது அலுமினியம். படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது, அலுமினியத்துக்குப் பதிலாக அவை கரையட்டும் என்றுதான். அந்தக் கட்டிகள் தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் விட்ட படகில், வளையத்தின் துளை உள்ளேயே வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும்.

பழுது பார்ப்பதில் முதல் வேலை அனந்தபுரத்து வேலைதான். படகைக் கரையேற்றி, ஒருவர் ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் காலின் நுனியைப் பிடித்து இடம் வலமாக ஆட்ட வேண்டும். மூன்றாமவர் உள்ளே கரத்தைப் பார்க்கட்டும். கால் அசைந்து கரம் அசையாவிட்டால், ஆட்டம் மேல்தண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருக்கிறது. கரமும் சேர்ந்து அசைந்தால், கேபிள் பக்கம் தேட வேண்டும். வளையத்தைத் தண்டோடு நெரித்துப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தால் இறுக்குவது சரி. துளையே அகன்றுபோன பிறகு அந்த இறுக்கம் சில மாதம்கூடத் தாங்காது. வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். சூட்டில் அலுமினியக் கலவையின் பலம் குறைகிறது, உயிர் தொங்கும் பாகம் இது. வளையத்தையும் தண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல பழைய மாதிரிகளில் அதற்கு எஞ்சினையே கழற்ற வேண்டியிருக்கும். கூலி மலைக்க வைக்கும். அவ்வளவு கழற்றிய பிறகு, பின்பலகையில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் துருத்தியையும் மாற்றாமல் விடுவது பெரும் தவறு. அது கிழிந்தால் கட்டிவைத்த படகே மூழ்கும்.

நம் கரையில் ஸ்டெர்ன் டிரைவ் அரிது. ஆனால் அதே சிக்கலுக்கு இங்கேயும் விடை தேடியிருக்கிறார்கள். சோழமண்டலக் கரையில் மணலில் ஏற்றும் படகுக்கு விசிறியைத் தூக்கியாக வேண்டும். 1979ல் தொடங்கி, சென்னையில் அலுவலகம் வைத்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தினர், டீசல் எஞ்சினும் விசிறித்தண்டும் ஒன்றாகச் சாய்ந்து எழும் அமைப்பை உருவாக்கினார்கள். அதிலும் தண்ணீரைத் தடுத்தது ஒரு ரப்பர் துருத்திதான்.

மரக்காணம் கரையின் ஃபைபர் படகுகளில் இன்று காணும் லாங் டெயில் எஞ்சின் இன்னும் எளிது. நின்றவாக்கில் ஒரு பின், படுத்தவாக்கில் ஒரு பின். எஞ்சினோடு நீண்ட தண்டையும் கையால் திருப்பலாம், தூக்கலாம். கிம்பல் வளையத்தின் வேலையையே இந்த இரண்டு பின்களும் செய்கின்றன. தேய்வதும் அங்கேதான். ஆனால் இங்கே மருத்துவம் மலிவு. லேத்தில் துளையைப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ் அடித்து, புதிய பின் போட்டுவிடலாம். புஷ் பின்னைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய வேண்டியது அதுதான், அதை மாற்றுவது எளிது. திண்டிவனத்தில் லாரிக் கிங்பின்னுக்குப் புஷ் போடும் கை இதையும் செய்துவிடும்.

புதிய புஷ்ஷில் கிரீஸ் கன்னை வைத்து, மறுமுனையில் புது கிரீஸ் வழியும் வரை அழுத்த வேண்டும். சில வாரம் கழித்து மறுபடி அழுத்தும்போது வெளியே வருவதைத் துணியில் தடவிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் வழக்கமான அழுக்கு. மோர் போல வெளுத்து வந்தால் உள்ளே கடல்நீர் போய்விட்டது. நீரைத் தடுக்கும் 'சீல்' பாகத்தை அன்றைக்கே மாற்ற வேண்டும்.