கிரியாட்டினின் 1.0 என்றால் கவலையில்லையா?

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கவிருக்கும் 75 வயதுப் பாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 40 கிலோ. ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் 1.0 என்று இருக்கிறது. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள்தான் வருகிறது. "கிட்னி நார்மல்" என்று வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் வயது, எடை, பாலினம் எல்லாம் சேர்த்து, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணக்கிடும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால் அவருக்கு வருவது நிமிடத்துக்குச் சுமார் 31 மில்லிதான்.

கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாவது. வயதாலும் நோயாலும் தசை கரைந்தவருக்கு அது குறைவாகவே ஊறும். அதனால் சிறுநீரகம் பாதி தளர்ந்த பிறகும் அந்த எண் ஏறாமல் ஏமாற்றும். கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரையை, இந்த வடிகட்டும் திறன் 30 முதல் 50 வரை உள்ளவர்களுக்குக் கால்பங்கு குறைத்துத் தொடங்க வேண்டும். 30க்குக் கீழே போனால் பொதுவாகக் கொடுப்பதில்லை. குறைக்காமல் கொடுத்தால் மருந்து உடலில் தேங்கிப் பேதியும் வாய்ப்புண்ணும் கடுமையாகும். பேதியால் நீர் வற்றினால் சிறுநீரகம் மேலும் அடிவாங்கும்.

சிறுகுடலை வயிற்றின் வழியே வெளியே எடுத்துப் பை வைத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நாளில் பையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது உப்பை இன்னும் அதிகமாக வெளியேற்றும், ஓ.ஆர்.எஸ். கரைசல்தான் தேவை. பிரஷர் மாத்திரையும் மெட்ஃபார்மினும் சாப்பிடுபவர்கள், பேதி நாட்களில் அவற்றைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் இந்த நாட்களில் வேண்டவே வேண்டாம்.

சிறுநீர் குறைவது, கால் வீங்குவது, விலாப்பக்கம் வலிப்பது ஆகியவற்றை முதுமையின் தலையில் கட்டிவிடாதீர்கள். கட்டி சிறுநீர்க்குழாயை அழுத்தினாலும் இப்படி வரலாம். அதை அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம். குழாயில் ஸ்டென்ட் வைத்து அடைப்பை நீக்கினால் சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும், தாமதிக்காமல் போனால்.

ஒவ்வொரு கீமோ சுற்றுக்கு முன்பும், காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு முன்பும், "இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்) எவ்வளவு? மருந்தின் அளவு அதற்கேற்ப இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. மருந்து, அதன் ஆபத்து, மாற்று வழி பற்றித் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பழைய கிரியாட்டினின் தாள்களைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள். மூன்று மாதங்களுக்கு முன் 0.7 இருந்தவருக்கு இன்று 1.0 என்றால், இரண்டும் வரம்புக்குள்தான் இருக்கும். ஏற்றத்தைக் காட்டுவது அந்தக் கோப்புதான்.