விளிம்பில் மூன்று பேர்

'ரூகன் தீவின் சுண்ணப் பாறைகள்' ஓவியத்தைத் தேனிலவு ஓவியம் என்றுதான் எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அதை வரைந்த ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1818 ஜனவரியில், தன்னைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவரான கரோலினாவை மணந்தார். அந்தக் கோடையில் இருவரும் பால்டிக் கடலோரம் போய்வந்தார்கள். பிறகு வரைந்தது இது. மேலே வளைந்து கூடும் கிளைகளில் இதய வடிவம் தெரிகிறது என்பார்கள். தெரியட்டும்.

என் கண் போவது தரைக்கு. வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே பாதாளம். தூரத்தில் இரண்டு பாய்மரப் படகுகள். இடப்புறம் சிவப்பு உடையில் அமர்ந்திருக்கும் பெண் ஒரு கையால் செடியைப் பற்றிக்கொண்டு மறு கையால் கீழே எதையோ காட்டுகிறாள். வலப்புறம் ஒருவர் கைகளைக் கட்டியபடி மரத்தில் சாய்ந்து கடலைப் பார்க்கிறார். நடுவில் இருப்பவரோ தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, புல்லைத் துழாவியபடி தவழ்கிறார். அவர்தான் ஃபிரீட்ரிக் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் சந்தேகமில்லை. 1787இல், சிறுவனாக இருந்தபோது, உறைந்த நீரின் பனி உடைந்து சகோதரன் மூழ்கி இறந்ததைக் கண்டவர் அவர் என்பார்கள். காலடி நிலம் எப்போதும் தாங்கும் என்று அப்படிப்பட்டவர் எப்படி நம்புவார்?

 

அந்தப் பாறையோ, நிஜமாகவே நம்பத்தக்கதல்ல. கடல் அடியை அரிக்கிறது; மழையும் பனியும் மேலிருந்து பிளக்கின்றன. 2005 பிப்ரவரியில் ரூகனின் 'விஸ்ஸோவர் கிளிங்கன்' முகடுகள் சுமார் 50,000 கன மீட்டர் சுண்ணமாகச் சரிந்து கடலில் விழுந்தன. ஓவியத்திலிருந்த பாறைகளே போய்விட்டன என்று பலர் வருந்தினார்கள். உண்மையில் ஃபிரீட்ரிக் பல இடங்களில் எடுத்த கோட்டோவியங்களைக் கோத்துத்தான் இந்தக் காட்சியை அமைத்தார்.

எனக்குள்ள கவலை வேறு. இன்று இந்த மாதிரி விளிம்புகளுக்குப் போகிறவர்கள் தவழ்வதில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, கைப்பேசியை உயர்த்தி, இன்னும் ஓர் அடி பின்னால் நகர்கிறார்கள். வேலி தாண்டினால்தான் நல்ல படம் கிடைக்குமாம்! ரூகனில் 118 மீட்டர் உயரக் கோனிக்ஸ்ஸ்டூல் பாறைக்கு மேலே 2023இல் அந்தரத்தில் நீளும் நடைமேடை ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். பாறையை மிதிக்காமலே கீழே பார்க்கலாம். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தே பாதாளத்தைப் பார்த்துப் பழகியவர்கள், ஓவியத்தில் நடுவிலிருப்பவரைப் பார்த்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்றுதான் நினைப்பார்கள்.