இரக்கம் என்னும் பெயரில் ஒரு பீடி

"பாவம், அவனுக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது? பீடியாவது குடித்துவிட்டுப் போகட்டும்." மனச்சிதைவு நோயுற்றோர் உள்ள வீடுகளில் இப்படி இரங்கிப் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். மாத்திரையை விழுங்கினால் ஒரு பீடி என்று பேரம் பேசும் பெற்றோரும் உண்டு. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் பல உள்ள நம் வேலூர் வட்டாரத்தில், அது எளிதில் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் இந்த இரக்கம் நோயாளிக்கு நன்மை செய்கிறதா?

சென்னை 'ஸ்கார்ஃப்' நிறுவன மருத்துவர்கள், மனச்சிதைவு நோயுற்ற 286 ஆண்களை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 38 சதவீதத்தினர் புகைபிடிப்பவர்கள். மேலைநாடுகளில் காணப்பட்ட அளவைவிட இது குறைவு. ஆகவே புகைப்பழக்கத்திற்கு நோய் மட்டுமே காரணம் அன்று. வீட்டுச் சூழலுக்கும் அதில் பங்குண்டு என்று எண்ண இடமிருக்கிறது.

புகை நுரையீரலையும் இதயத்தையும் கெடுப்பதோடு நிற்பதில்லை. புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, குளோசபின், ஒலான்சபின் ஆகிய மருந்துகளை விரைவாகச் சிதைக்கச் செய்கின்றன. உண்ட மருந்தின் பயன் குறைகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. புகைப்பதைத் திடீரென நிறுத்தினால், அதே அளவு மருந்து சில நாட்களில் இரத்தத்தில் மிகுந்துவிடும். அளவுக்கு மீறிய உறக்கம், தலைச்சுற்றல், சில வேளை வலிப்பும் நேரலாம். எனவே பீடிக்கட்டைப் பிடுங்கி எறிவது அறிவுடைமை ஆகாது. முதலில் மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொண்டே நிறுத்த வேண்டும்.

பாகாயத்தில் 1957இல் தொடங்கப்பெற்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியோடு உறவினரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையால் பெயர்பெற்றது. அம்முறை நம் இல்லங்களுக்கும் ஒரு பாடம். பீடியைப் பரிசாகக் கொடாதிருப்போம். தந்தையும் தமையனும் நோயாளியின் முன் புகையாதிருப்பார்களாக. புகைக்கும் நேரத்தில் ஒரு குவளைத் தேநீர், சிறு நடை, கைக்கு ஒரு வேலை எனத் துணை நிற்போம். புகையிலையைக் கைவிட வழிகாட்டும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356, கட்டணம் இல்லை.

முடக்குவாதமுற்றவனை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்தனர். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டே ஆண்டவர் அவனுக்கு இரங்கினார். நம் வீட்டு நோயாளிக்கும் தேவைப்படுவது சுமக்கும் தோள்களே. வாயை அடைக்க ஒரு பீடி அன்று.