பெர்னாண்டோ வந்த வழி

மலேசியத் தமிழரான நம் அடையாள அட்டையில் ஆண்களின் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'A/L' என்று இருக்கும்; மலாயில் 'அனாக் லெலாக்கி', அதாவது மகன். ஸ்பெயினில் ஒரு காலத்தில் அந்த உறவைப் பெயரின் வாலே சொல்லிவிட்டது. பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். துணிந்து பயணம் போகிறவன் என்று பொருள் தருவதாகக் கருதப்படும் பழைய ஜெர்மானியப் பெயரிலிருந்து வந்தது பெர்னாண்டோ. ஸ்பெயினில் பெர்னாண்டஸ்கள் ஏராளம்.

பெர்னாண்டோ தமிழரிடமும் உண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துகீசியரின் சமயத்தைத் தழுவியபோது, அவர்களின் பெயர்களையும் ஏற்றார்கள். தூத்துக்குடியில் இன்றும் பெர்னாண்டோக்கள் இருக்கிறார்கள். இலங்கையிலோ மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் அதுவும் ஒன்று; சிங்களவரும் வைத்திருக்கிறார்கள்.

நம் அட்டையில் அப்பா பெயரோடு வரிசை நின்றுவிடுகிறது. தாத்தா, பாட்டி பெயர்களைப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் சொல்லி வைக்க வேண்டும்.