ஆணுக்கும் வயது உண்டு



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் குழந்தைப்பேறு சிகிச்சைக்கானவையும் உண்டு. மனைவிக்கு எடுத்த ஸ்கேனும் இரத்தப் பரிசோதனைகளும் கட்டுக்கட்டாக இணைத்திருப்பார்கள். கணவருக்கு எடுத்த பரிசோதனை பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. கேட்டால், "ஆம்பளைக்கு ஏது வயசு?" என்பதே பதில். பேசக் கூச்சமான விஷயம்தான். ஆனால் நாம் பேசாமல் இருப்பதால் ஒரு பெண்பிள்ளை வீண்பழி சுமக்கிறாள். அதனால்தான் எழுதுகிறோம்.

பெண்ணுக்கு வேண்டிய கருமுட்டைகள் பிறக்கும்போதே அவள் உடலில் இருக்கின்றன. வயது ஏற ஏற அவை குறைந்து, மாதவிடாய் நிற்கும்போது அந்தக் கணக்கு முடிகிறது. ஆணுக்கு அப்படியல்ல. பருவ வயதில் தொடங்கும் விந்தணு உற்பத்தி முதுமை வரை நடக்கிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். அது முதிர்ந்து வெளிவருவதையும் சேர்த்தால் சுமார் மூன்று மாதம். நம் பக்கத்துக் குறுவை நெல் விளைவதைவிடக் கொஞ்சம் குறைந்த காலம்.

உற்பத்தி நிற்பதில்லை என்பது உண்மை. குறைவதே இல்லை என்பதுதான் தவறு. சுமார் 40 வயதுக்குப் பிறகு விந்தின் அளவு மெல்லக் குறைகிறது. விந்தணுக்கள் நீந்திச் செல்லும் வேகம் தளர்கிறது. அவற்றுக்குள் இருக்கும் மரபுப்பொருளில் சிதைவு கூடுகிறது. கரு தரிக்கக் கூடுதல் மாதங்கள் ஆகின்றன. கருச்சிதைவுக்கான வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது.

மதரஸாவில் கிதாபைப் பார்த்துக் கையால் எழுதியவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பிரதியைப் பார்த்துப் பிரதி, அதைப் பார்த்து மறுபிரதி என்று எழுதிக்கொண்டே போனால் எங்காவது ஓர் எழுத்து பிசகும். விந்தணுவை உண்டாக்கும் செல்களும் ஆயுள் முழுக்க இப்படித்தான் தம்மைப் பிரதி எடுக்கின்றன. தந்தையின் வயது ஓர் ஆண்டு கூடும்போது பிள்ளைக்குச் செல்லும் புதிய மரபணு மாற்றங்கள் சுமார் இரண்டு கூடுகின்றன என்று ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு 2012இல் காட்டியது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. 40 வயதுக்கு மேல் தந்தையானவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள்.

ஹரியானாவில் 90 வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் தந்தையானார் என்று 2010இலும் 2012இலும் செய்திகள் வந்தன. அபூர்வம் என்பதால்தான் அது செய்தியானது. நபி ஜக்கரியா (அலை) அவர்களின் வரலாற்றை எடுத்துச் சொல்பவர்களும் உண்டு. முதுமையில் பிள்ளை என்ற நற்செய்தி வந்தபோது அவர்களே வியந்தார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். நம் பிள்ளைகளில் பலர் சபுராளிகள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு என்றால், நிக்காஹ் முடிந்து பத்து ஆண்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தது பத்தே மாதம். தடையின்றி 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்காவிட்டால்தான் மருத்துவர்கள் அதைக் குழந்தைப்பேறின்மை என்பார்கள். அந்தத் தம்பதிக்கு இன்னும் ஓர் ஆண்டே நிறையவில்லை. ஆனால் இருவர் வயதிலும் பத்து கூடிவிட்டது. இதற்கிடையே ஊர் அவளை "பிள்ளை இல்லாதவள்" என்று பெயரிட்டுவிடுகிறது.

எனவே விடுப்பில் வருபவர் முதல் வாரத்திலேயே விந்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இது எளிய பரிசோதனை. ஊசியோ வலியோ இல்லை. அதற்கு முன் 2 முதல் 7 நாள் தாம்பத்தியம் தவிர்க்க வேண்டும். மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். மாதிரி தருவதில் தயக்கம் உள்ளவர்கள், மனைவியுடன் இருக்கும்போதே அதற்கென உள்ள தனி உறையில் சேகரிக்கும் வழியை மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள் என்பதை உலக சுகாதார நிறுவனம் கீழ் எல்லையாகக் கொள்கிறது. அதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று பொருளல்ல. ஒரே முடிவை வைத்து மனம் தளராமல் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும்.

வயதைத் திருப்ப முடியாது. ஆனால் வயதோடு சேர்ந்து கெடுப்பவற்றை நிறுத்தலாம். புகை, புகையிலை, கட்டுப்படாத சர்க்கரை நோய், உடற்பருமன் ஆகியவை விந்தணுவைப் பாதிக்கும். அடுப்படியிலும் கடும் வெப்பத்திலும் நெடுநேரம் வேலை செய்வதும் பாதிக்கக்கூடும். "ஆண்மை கூட" என்று மருத்துவர் சொல்லாமல் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடலாம். இன்று திருத்திக்கொண்டால் பலன் தெரிய மூன்று மாதமாகும். ஆகவே ஊருக்குப் புறப்படும் முன்பே, அங்கேயே தொடங்குங்கள்.

சிகிச்சை பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்கிறார்கள். திருமண பந்தம் நீடிக்கும்போது, கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மட்டுமே சேர்வதை, உரிய எச்சரிக்கையோடு, 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அனுமதித்தது. மூன்றாமவர் விந்தும் முட்டையும் கூடாது. நாட்டின் சட்டத்திலும் எல்லை உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி சோதனைக்குழாய் போன்ற சிகிச்சை பெற ஆண் 55 வயதுக்குள்ளும் பெண் 50 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். ஆணுக்கும் வயது உண்டு என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது.

மாமியார்களுக்கும் ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மகனுக்குப் பரிசோதனை செய்யாமல் மருமகளைக் குறை சொல்லாதீர்கள். தலாக், மறுமணம் என்ற பேச்சையும் எடுக்காதீர்கள். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கணவர் தரப்பிலும் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் பல நேரம் மருந்தும் உண்டு.

இனி மனு தருபவர்கள் இருவரின் பரிசோதனை முடிவுகளையும் இணைத்துத் தாருங்கள். முதல் பரிசோதனைக்கே வசதியில்லாதவர்கள் தயங்காமல் அலுவலகத்துக்கு வாருங்கள். பெயர் வெளியே போகாது. பிள்ளைச் செல்வம் தருபவன் அல்லாஹ். முயற்சியும் துஆவும் நம் பொறுப்பு.

வஸ்ஸலாம்.
செயலாளர்