நோ எண்ணெய்ப் போத்தலை மணந்து பார்த்து வாங்கலாமா?

போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றுவிட்டன. ஆனாலும் வன்னியிலும் கிழக்கிலும் பல வீடுகளில் நோ எண்ணெய்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றது. உடலில் இன்னமும் எறிகணைச் சிதறல்களைச் சுமப்பவர்கள், ஒரு காலை இழந்து ஊன்றுகோலால் தோள்மூட்டு நொந்துபோனவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் என்று அதைத் தேடுவோர் பலர். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அதைத் தயாரித்து விற்பதுதான் வருமானம். பூசுபவரும் எங்களவர், காய்ச்சுபவரும் எங்களவர் என்பதால் அந்தப் போத்தலின் தரம் இரு பக்கத்தையும் தொடுகின்றது.

பெரும்பாலான நோ எண்ணெய்களில் அடிப்படையாக நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் இருக்கும். அதனுடன் யூக்கலிப்டஸ், விண்டர்கிறீன், கராம்பு, கறுவா இலை போன்ற தைலங்களும் கற்பூரமும் மென்தோலும் சேரும். தைலம் என்பது இலையையோ மொட்டையோ நீராவியில் வடித்து எடுப்பது. விலை கூடியது. ஆகவே கலப்படம் பெரும்பாலும் நுழைவது இந்த இடத்தில்தான்.

வாங்குபவர் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார். மூக்கில் 'சுள்' என்று ஏறினால் நல்ல எண்ணெய் என்று முடிவெடுப்பார். ஆனால் கற்பூரத்தையும் மென்தோலையும் கொஞ்சம் கூட்டிவிட்டால் எந்த மூக்கும் ஏமாறும். கலந்த பிறகு ஒரு மணம் இன்னொன்றை மறைத்துவிடும். எனவே ஒவ்வொரு தைலத்தையும் கலப்பதற்கு முன்னரே தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்தப் பாடத்தை இலங்கை ஒரு தடவை பெருவிலை கொடுத்துப் படித்திருக்கின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் மாகாணத்தில் விளைந்த சிற்றனெல்லாப் புல்லின் எண்ணெய் 'சிலோன்' என்ற பெயருடன் உலகச் சந்தைக்குப் போனது. அதில் மண்ணெண்ணெய் கலக்கும் வழக்கம் பரவியது. அதைப் பிடிப்பதற்கு ஜேர்மனியின் லீப்சிக் நகரிலிருந்த ஷிம்மெல் என்ற நிறுவனம் எளிய சோதனையொன்றைக் கொண்டுவந்தது. 80 வீத மதுசாரத்தில் தூய எண்ணெய் தெளிவாகக் கரையும். மேலும் மதுசாரம் ஊற்றினாலும் இலேசாக மங்குமே தவிர எண்ணெய்த் துளிகள் பிரியாது. மண்ணெண்ணெய் கரையாமல் பிரிந்து நிற்கும்.

கலப்படக்காரர் விட்டார்களா? சோதனை எவ்வளவு மண்ணெண்ணெயைத் தாங்குமோ, கணக்குப் பார்த்து அந்த அளவுக்கே கலந்தார்கள். பிறகு வாங்குவோர் தாங்களே இன்னும் 5 வீதம் பெற்றோலியத்தைச் சேர்த்து, அதன் பின்னரும் எண்ணெய் தேறுகின்றதா என்று பார்க்கும் கடுமையான சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. இதற்கிடையில் மணத்திலும் சேர்மானத்திலும் மேம்பட்ட ஜாவா எண்ணெய் சந்தையைப் பிடித்தது. கெட்ட பெயர், நேர்மையாக வடித்தவரையும் சேர்த்தே பாதித்தது.

வீட்டுத் தொழில் செய்பவரிடம் ஆய்வுகூடம் இல்லை. ஆனால் 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசை வாங்கிக்கொள்ளலாம். ஒரு சிறு கண்ணாடிப் போத்தலில் கோடு கீறி, அந்தக் கோடு வரை 20 கிராம் தண்ணீர் பிடிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதே கோடு வரை கராம்புத் தைலம் விட்டால் ஏறத்தாழ 21 கிராம் இருக்க வேண்டும். விண்டர்கிறீன் என்றால் 23.5 கிராம் அளவில் நிற்கும். யூக்கலிப்டஸ் 18 கிராமுக்குச் சற்று மேலே. மண்ணெண்ணெயோ 16 கிராம்தான். எங்கள் வெயிலில் இவை சற்றுக் குறைவாகக் காட்டலாம். தராசு இல்லாவிட்டால், கராம்பு, கறுவா இலைத் தைலங்களில் ஒரு துளியைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். அமிழ வேண்டும். மிதந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

யூக்கலிப்டஸில் தேங்காயெண்ணெய் கலந்திருந்தால் நிறையில் பிடிபடாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறை. அதற்கு வெள்ளைத் தாள் போதும். ஒரு துளி விட்டு ஒரு நாள் காயவிட்டால் தைலம் பறந்துவிடும், சமையல் எண்ணெயின் கறை மட்டும் நிற்கும். மதுசாரம் கலந்திருக்கின்றதா என்று அறிய, அளவுக்கோடுள்ள கண்ணாடிக் குழாயில் தைலத்தையும் தண்ணீரையும் சம அளவில் விட்டுக் குலுக்கிப் பிரியவிடுங்கள். தண்ணீர் கூடியிருந்தால் மதுசாரம் அதற்குள் இறங்கிவிட்டது என்று பொருள்.

இவை முரட்டுக் கலப்படத்தை மட்டுமே காட்டும். உள்ளே என்னென்ன, எத்தனை வீதம் என்று சொல்வது வாயு நிறப்பகுப்பு என்ற ஆய்வுகூடச் சோதனை. இலங்கைக் கறுவா இலைத் தைலத்துக்கும் சிற்றனெல்லாவுக்கும் சர்வதேசத் தர நியமங்களே உள்ளன. கறுவா இலைத் தைலத்தின் பெரும்பகுதி யூஜினோலாக இருக்க வேண்டும், மருந்துத்தர யூக்கலிப்டஸில் சினியோல் 70 வீதத்துக்குக் குறையக்கூடாது. கொழும்புக்கு மாதிரி அனுப்பிச் சோதிப்பது ஒரு தனிப் பெண்ணுக்குக் கட்டுப்படியாகாத செலவு. தையல் இயந்திரமும் கோழிக்கூடும் கொடுத்துப் படம் பிடிக்கும் வாழ்வாதாரத் திட்டங்கள், பத்துப் பேருக்குப் பொதுவாக இந்தச் செலவை ஏற்பதைப் பற்றி ஏன் யோசிப்பதில்லை?

தரம் என்பது தூய்மை மட்டுமல்ல, அளவும்தான். விண்டர்கிறீன் தைலம் ஏறக்குறைய முழுவதுமே மெதைல் சலிசிலேற்று. சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி தொழிற்சாலையில் செய்த அதே இரசாயனம். அதன் ஒரு தேக்கரண்டி, இருபதுக்கும் மேற்பட்ட அஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். ஒரு குழந்தை குடித்தால் உயிர் போகலாம். கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கும். செயற்கைக் கால் பொருத்துவதற்கு முன் தண்டில் இந்த எண்ணெயைப் பூசி இறுக்கினால், வெப்பமும் அழுத்தமும் மருந்தை அதிகமாக உள்ளே இழுக்கும், தோல் புண்ணாகவும் கூடும். உணர்ச்சியற்ற தோலில் எரிவதே தெரியாது. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் எடுப்பவர்கள், வைத்தியரைக் கேட்காமல் விண்டர்கிறீன் கலந்த எண்ணெயைப் பூசக்கூடாது. ஆகவே கண்மட்டத்தில் ஊற்றுவதை விட்டு நிறுத்தே கலக்க வேண்டும்.

தகரக் கூரையின் கீழ், அரைவாசி வெறுமையான பிளாஸ்ரிக் போத்தலில் தைலம் கெட்டுவிடும். காற்றுப்பட்டுப் பழுதான தைலம் தோலில் ஒவ்வாமையைத் தூண்டும். கறுத்த கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, நிழலில் வையுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, எந்தத் தைலம், யாரிடம், எப்போது வாங்கியது, எத்தனை கிராம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதே இலக்கத்தைப் போத்தலிலும் ஒட்டுங்கள். யாராவது ஒருவர் 'பூசினேன், கொப்பளித்துவிட்டது' என்று திரும்பி வந்தால், அந்தத் தொகுதியின் மிச்சப் போத்தல்கள் எந்தக் கடையில் இருக்கின்றன என்று அன்றைக்கே தேடி எடுக்கலாம்.